வேலையை விடாமல் எம்.பி.ஏ.: மேனேஜர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எக்ஸிக்யூட்டிவ் எம்.பி.ஏ. பற்றி யோசிக்கிற பெரும்பாலானோர் கல்லூரிப் பெயரில்தான் ஆரம்பிக்கிறார்கள். ஐஐஎம்மா, ஐஐடியா, ஐஎஸ்பியா என்று ஒரு பட்டியல். அப்புறம் கட்டணம், அப்புறம் லோன். இதை முடித்தால் நமக்கு என்ன கிடைக்கும் என்ற கேள்வி, முதல் தவணை கட்டி இரண்டு மூன்று மாதம் போன பிறகுதான் எட்டிப்பார்க்கிறது. இந்த வழிகாட்டியில் வரிசை வேறு. அடுத்து எந்தப் பதவி வேண்டும் என்பது முதலில். அந்தப் பதவிக்கு எந்த மாதிரிச் சான்று செல்லுபடியாகும் என்பது அடுத்தது. சனி ஞாயிறும் பணமும் அதற்குப் பிறகு. இவை தெளிவானால் கல்லூரிப் பட்டியல் தானாகவே மூன்று நான்காகச் சுருங்கிவிடும்.

இங்கே சொல்வதெல்லாம் இந்தியாவில் வேலை பார்த்துக்கொண்டே படிக்க நினைக்கிற, ஐந்திலிருந்து பதினைந்து ஆண்டு அனுபவமுள்ள மேனேஜர்களை மனதில் வைத்துத்தான். வேலையை விட்டுவிட்டு ஓராண்டு போய்ப் படிப்பதும் இதோடு ஒட்டியது என்பதால் அதுவும் இடையிடையே வரும்.

இந்த வகைப் படிப்பு 1943-இல், இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, சிகாகோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. ஏற்கெனவே பொறுப்பில் இருப்பவரை வேலையிலிருந்து பிரிக்காமல் படிக்க வைப்பது என்ற அடிப்படை இன்றும் மாறவில்லை. வேலை தேடித் தருவதற்காக உருவான படிப்பு இல்லை இது. அதை மறந்துவிட்டுச் சேர்கிறவர்கள்தான் பின்னால் புலம்புகிறார்கள்.

1. அடுத்த நாற்காலியை முடிவு செய்யுங்கள்

சேர வருகிறவர்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். இருக்கும் கம்பெனியிலேயே ஒரு படி மேலே போக நினைப்பவர்கள் ஒரு வகை. ஓசூரில் ஒரு ஆட்டோ உதிரிபாகத் தொழிற்சாலையில் புரொடக்‌ஷன் மேனேஜராக இருந்துகொண்டு பிளான்ட் ஹெட் ஆக வேண்டும் என்பவர் இதில் வருவார். அதே வேலையை வேறு பெரிய கம்பெனியில் பார்க்க நினைப்பவர்கள் இரண்டாம் வகை. துறையையே மாற்ற நினைப்பவர்கள் மூன்றாம் வகை: டெஸ்டிங் லீடாக இருந்து கன்சல்டிங் போக வேண்டும், விற்பனையிலிருந்து நிதிக்குப் போக வேண்டும் என்பவர்கள்.

வார இறுதிப் படிப்பு முதல் வகைக்கு நன்றாகப் பொருந்தும். இரண்டாம் வகைக்கு ஓரளவு. மூன்றாம் வகைக்குப் பெரும்பாலும் பொருந்தாது. காரணம் எளிது. வேலையில் இருப்பவர்களுக்கான படிப்புகளில் முழுநேர மாணவர்களுக்கு நடப்பதுபோன்ற கேம்பஸ் பிளேஸ்மென்ட் பொதுவாக இருக்காது. வகுப்பில் பலரை அவர்களுடைய கம்பெனியே பணம் கட்டி அனுப்பியிருக்கும். அங்கே இன்னொரு கம்பெனியை வரவழைத்து ஆள் எடுக்க வைக்க எந்தக் கல்லூரி துணியும்? துறை மாற வேண்டும் என்றால் ஓராண்டு முழுநேரப் படிப்புதான் சரியான வழி. வலிக்கும், ஆனால் வேலை செய்யும்.

நாற்காலி முடிவானதும் இரண்டு காரியம் செய்யுங்கள். அந்தப் பதவிக்கான வேலை விளம்பரங்களைப் பத்துப் பதினைந்து எடுத்து வைத்துப் படியுங்கள். எத்தனையில் எம்.பி.ஏ. கேட்கிறார்கள், எந்த வடிவத்தில் கேட்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, அந்தப் பதவியில் இப்போது இருக்கும் இரண்டு பேரைத் தேடிப் பிடித்து, "உங்களுக்குத் தெரிந்து எனக்குத் தெரியாதது என்ன சார்?" என்று கேளுங்கள். "பேலன்ஸ் ஷீட் படிக்கத் தெரியணும்" என்பது மட்டுமே பதில் என்றால் அதற்குப் பதினைந்து லட்சம் கட்டி எம்.பி.ஏ. படிக்கத் தேவையில்லை. நல்ல நிதி நிர்வாகப் பயிற்சி ஒன்று போதும். மேலிருக்கும் நாற்காலியில் நாற்பத்திரண்டு வயதுக்காரர் ஒருவர் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார் என்றால், அந்தப் பிரச்சினைக்கு எந்தக் கல்லூரியும் மருந்து தராது.

2. கையில் என்ன தருவார்கள்: பட்டமா, டிப்ளமோவா, சான்றிதழா?

இந்த ஒரு இடத்தில் நிதானமாக இருங்கள். "எக்ஸிக்யூட்டிவ்" என்ற சொல் ஒட்டியிருக்கும் எல்லாமே ஒன்றில்லை.

முதலாவது பட்டம். பல்கலைக்கழகங்களும் ஐஐடிகளும் தரும் எம்.பி.ஏ. இதில் வரும். ஐஐஎம்கள் பல பத்தாண்டுகளாக டிப்ளமோதான் கொடுத்துவந்தன. ஐஐஎம் சட்டம் 2018 ஜனவரி 31 அன்று நடைமுறைக்கு வந்த பிறகுதான் அவற்றுக்குப் பட்டம் தரும் அதிகாரம் கிடைத்தது. அதனால் 2015-இல் படித்த சீனியர் வாங்கிய சான்றும் நீங்கள் வாங்கப் போவதும் வேறாக இருக்கலாம். அவரைக் கேட்பதைவிட, இந்த ஆண்டின் சேர்க்கைக் கையேட்டில் "அவார்டு" என்ற தலைப்பின் கீழ் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

இரண்டாவது டிப்ளமோ. தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ-இன் அனுமதியுடன் நடக்கும் தன்னாட்சிக் கல்லூரிகளின் பிஜிடிஎம் (முதுநிலை மேலாண்மை டிப்ளமோ) இதற்கு உதாரணம். இரண்டாண்டு பிஜிடிஎம் படிப்புகள் சிலவற்றுக்கு இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம் எம்.பி.ஏ.வுக்கு நிகர் என்ற தகுதி தருகிறது. பின்னால் பிஎச்.டி. அல்லது ஆசிரியர் பணி என்ற எண்ணம் இருந்தால், அந்தத் தகுதி குறிப்பாக உங்கள் படிப்புக்கு, அதாவது எக்ஸிக்யூட்டிவ் பிரிவுக்கு, உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கல்லூரியின் முழுநேரப் படிப்புக்கு இருப்பது வார இறுதிப் படிப்புக்கும் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது.

மூன்றாவது சான்றிதழ். பெரிய கல்லூரி ஒன்று எட்-டெக் நிறுவனத்தோடு சேர்ந்து ஆறு மாதமோ பத்து மாதமோ ஆன்லைனில் நடத்துவது. பெயரில் "எக்ஸிக்யூட்டிவ் புரோகிராம்", "அட்வான்ஸ்டு மேனேஜ்மென்ட்" என்றெல்லாம் இருக்கும். சில உண்மையிலேயே நல்ல வகுப்புகள்தான். ஆனால் எம்.பி.ஏ. இல்லை. போனில் பேசும் விற்பனையாளர் "எம்.பி.ஏ.வுக்குச் சமம் சார்" என்று சொன்னால், அதையே மின்னஞ்சலில் எழுதி அனுப்பச் சொல்லிப் பாருங்கள். அனுப்ப மாட்டார்.

இதைக் கண்டுபிடிக்க அருமையான குறுக்குவழி ஒன்று உண்டு: கட்டண ரசீதில் ஜிஎஸ்டி இருக்கிறதா என்று பாருங்கள். சட்டப்படி அங்கீகரிக்கப்பட்ட பட்டம், டிப்ளமோவுக்கான கல்விக்குப் பொதுவாக ஜிஎஸ்டி விலக்கு உண்டு. ஐஐஎம்கள் நடத்தும் ஓராண்டுக்குக் குறைவான நிர்வாகப் பயிற்சிகளுக்கு அந்த விலக்கு கிடையாது என்று மத்திய அரசின் வரித் துறை 2019 ஜனவரியிலேயே சுற்றறிக்கை மூலம் தெளிவுபடுத்தியது. கட்டணத்துக்கு மேல் 18 சதவீதம் என்று போட்டிருந்தால், நீங்கள் வாங்குவது பங்கேற்புச் சான்றிதழாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஆன்லைன் எம்.பி.ஏ., தொலைநிலை எம்.பி.ஏ. என்றால் பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவான டெப் வெளியிடும் பட்டியலில், அந்தப் பல்கலைக்கழகமும் அந்தப் படிப்பும் அந்தக் கல்வியாண்டுக்கு இருக்கின்றனவா என்று பாருங்கள். மூன்றும் பொருந்த வேண்டும். அங்கீகாரம் பெற்ற தொலைநிலை, ஆன்லைன் பட்டங்கள் வழக்கமான பட்டத்துக்குச் சமம் என்று யூஜிசி 2022 செப்டம்பரில் அறிவித்தது. இப்போது சேரும்போது மாணவர் பெயரில் டெப் அடையாள எண்ணும் எடுக்க வேண்டும். எட்-டெக் நிறுவனங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரில் "ஃபிரான்சைஸ்" முறையில் பட்டப்படிப்பு நடத்தக் கூடாது என்று 2022 ஜனவரியிலும், "பத்து நாள் எம்.பி.ஏ." மாதிரியான பெயர்களை நம்ப வேண்டாம் என்று 2024-இலும் எச்சரிக்கைகள் வந்தன. பத்து நாளில் எம்.பி.ஏ. என்று ஒருவர் விற்றிருக்கிறார், இன்னொருவர் வாங்கியிருக்கிறார் என்பதுதான் இதில் வேடிக்கை.

இதெல்லாம் யாருக்கு முக்கியம்? அரசுப் பணி, பொதுத்துறை நிறுவனம், வங்கி, கல்லூரி ஆசிரியர் பணி ஆகியவற்றில் காகிதம்தான் எல்லாம். பல பொதுத்துறை விளம்பரங்களில் "இரண்டாண்டு முழுநேர எம்.பி.ஏ." என்றே போட்டிருப்பார்கள், வார இறுதிப் பட்டம் எவ்வளவு பெரிய கல்லூரியில் வாங்கியதாக இருந்தாலும் அங்கே செல்லாமல் போகலாம். தனியார் துறையில் நிலைமை வேறு. ஹைதராபாத்திலும் மொஹாலியிலும் இருக்கும் ஐஎஸ்பியின் (இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸ்) பிஜிபி என்ற படிப்பு, சட்டப்படியான எம்.பி.ஏ. பட்டம் இல்லை. ஆனாலும் கம்பெனிகள் வரிசையில் நின்று ஆள் எடுக்கின்றன. ஆகவே நாற்காலி எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் காகிதத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமா என்பது தெரியும்.

3. வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஓராண்டு முழுநேரம்: அகமதாபாத் ஐஐஎம்மின் பிஜிபிஎக்ஸ், பெங்களூரு ஐஐஎம்மின் இபிஜிபி, கொல்கத்தா ஐஐஎம்மின் எம்பிஏஇஎக்ஸ் (முன்பு பிஜிபெக்ஸ்) போன்றவை. சம்பளம் நின்றுபோகும், பிளேஸ்மென்ட் உண்டு. மாமல்லபுரம் பக்கத்தில் இருக்கும் கிரேட் லேக்ஸின் ஓராண்டு பிஜிபிஎம்மும் அனுபவம் உள்ளவர்களுக்கானது.

வார இறுதி வகுப்பு: சென்னை ஐஐடியின் எக்ஸிக்யூட்டிவ் எம்.பி.ஏ. இரண்டாண்டு, ஒரு வாரம் விட்டு ஒரு வார இறுதியில் நடக்கும். திருச்சி ஐஐஎம் தன் பிஜிபிபிஎம் படிப்பைச் சென்னையில் நடத்துகிறது. பெங்களூரு ஐஐஎம்மின் பிஜிபிஇஎம்முக்குப் பன்னார்கட்டா சாலை வளாகத்துக்கே போக வேண்டும். சென்னையில் லயோலா வளாகத்தில் இருக்கும் லிபா, வேலையில் இருப்பவர்களுக்காகப் பகுதிநேர பிஜிடிஎம் நடத்திவருகிறது. மாலை வகுப்பு என்றால், பக்கத்திலேயே நுங்கம்பாக்கத்தில் அலுவலகம் இருப்பவருக்கு வரம், தொலைவில் சிறுசேரியில் இருப்பவருக்குச் சாபம்.

நேரலை ஆன்லைன்: கோழிக்கோடு ஐஐஎம்மின் இபிஜிபி இந்த வகையில் நெடுங்காலமாக நடப்பது. இரண்டாண்டு, மாலையிலும் வார இறுதியிலும் இணையம் வழியாக நேரடி வகுப்பு, நடுவில் சில நாட்கள் வளாகத்துக்குப் போய்ப் படிப்பது. அடிக்கடி ஊர் சுற்றும் விற்பனை மேனேஜர்களுக்கும், பெருநகரத்தில் இல்லாதவர்களுக்கும் இதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

என் கருத்தைக் கேட்டால், வளாகத்துக்குப் போக முடிகிற தூரத்தில் இருப்பவர்கள் வளாகத்துக்கே போங்கள். பாடத்தை ஆன்லைனிலும் கற்கலாம். ஆனால் ஒரு மருத்துவமனை நிர்வாகியும் ஒரு சிமென்ட் கம்பெனிக்காரரும் கேன்டீனில் உட்கார்ந்து தங்கள் கொள்முதல் தலைவலியை ஒப்பிட்டுப் பேசுவது, கேமரா அணைத்திருக்கும் திரையில் நடக்காது.

தரவரிசை பற்றி ஒரு வார்த்தை. மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசைப் பட்டியல் நிறுவனத்தைப் பார்த்துத் தருவது. நீங்கள் சேரும் வார இறுதிப் படிப்பைப் பார்த்து இல்லை. முழுநேர வகுப்பு எடுக்கும் அதே பேராசிரியர்கள்தான் சனிக்கிழமையும் வருகிறார்களா, இல்லை வெளியிலிருந்து வருகிறவர்களா என்பதை இப்போது படிக்கும் இரண்டு பேரிடம் கேட்டால் தெரிந்துவிடும்.

4. காலண்டரை விரியுங்கள்

வார இறுதிப் படிப்பு என்றால் வார இறுதி மட்டும் போகும் என்று நினைக்காதீர்கள். வகுப்புக்கு முன் கேஸ் (ஒரு கம்பெனியின் சிக்கலை விவரிக்கும் பாடம்) படிக்க வேண்டும், அசைன்மென்ட் எழுத வேண்டும், குரூப் வேலைக்கு இரவு பத்து மணிக்கு வீடியோ காலில் ஆறு பேர் கூட வேண்டும். வாரத்துக்குப் பத்திலிருந்து பதினைந்து மணி நேரம் வகுப்புக்கு வெளியே ஒதுக்க முடியாதவர்கள் சேராமல் இருப்பதே நல்லது.

முதலில் அலுவலக நாட்காட்டியை எடுங்கள். நிதி, விற்பனை ஆட்களுக்கு மார்ச் கடைசி பூட்டியிருக்கும். திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதியில் மெர்ச்சண்டைசிங் மேனேஜராக இருந்தால் ஷிப்மென்ட் நெருங்கும் வாரங்களில் ஞாயிறே கிடையாது. அந்த வாரங்களைக் கல்லூரியின் தேர்வு அட்டவணையோடு வைத்துப் பாருங்கள். அட்டெண்டன்ஸ் விதியை எழுத்தில் வாங்குங்கள். பல இடங்களில் குறிப்பிட்ட சதவீதத்துக்குக் கீழே போனால் கிரேடு குறையும், இன்னும் குறைந்தால் அந்தப் பாடத்தையே திரும்பப் படிக்க வேண்டும்.

வெளியூர்க்காரர்கள் ரயிலையும் கணக்கில் சேருங்கள். கோவையிலிருந்து வெள்ளி இரவு சேரன் எக்ஸ்பிரஸ், மதுரையிலிருந்து பாண்டியன் எக்ஸ்பிரஸ் பிடித்து சனி காலை சென்னையில் இறங்கி, ஞாயிறு இரவு திரும்பி, திங்கள் காலை நேராக அலுவலகம் என்று இரண்டாண்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். முடியாதது இல்லை. ஆனால் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன் 120 நாட்களாக இருந்தது. பொங்கல், தீபாவளியை ஒட்டிய வகுப்புகளுக்கு டிக்கெட் எடுப்பது தனிப் பாடம்.

வீட்டில் பேசுவதும் இந்தப் படியில்தான் வரும். "ரெண்டு வருஷம்தானே" என்று பொதுவாகச் சொல்லி அனுமதி வாங்காதீர்கள். எந்தெந்த சனிக்கிழமை இருக்க மாட்டீர்கள், பிள்ளையின் பத்தாம் வகுப்புத் தேர்வு எப்போது, அம்மாவை மருத்துவமனைக்கு யார் அழைத்துப் போவது என்று பெயர் போட்டுப் பேசுங்கள். பெண் மேனேஜர்களுக்கு இந்தப் பேச்சு கூடுதல் முக்கியம். படிக்க அனுமதித்ததையே பெரிய உதவியாக நினைத்துக்கொண்டு, சனிக்கிழமை சமையலை மட்டும் அப்படியே அவர் தலையில் விட்டுவைக்கும் வீடுகள் நம்மிடம் நிறைய.

5. பணக் கணக்கு

கட்டணம் மட்டும் செலவு இல்லை. போக்குவரத்து, தங்குமிடம், லேப்டாப், சில படிப்புகளில் வெளிநாட்டுப் பயண வாரம் எல்லாம் சேரும். வெளிநாட்டு வாரம் கட்டாயமா, கட்டணத்தில் அடங்கியதா என்று கேளுங்கள்.

ஒரு உதாரணம் போடலாம். கட்டணம் 15 லட்சம் என்றும், முழுவதையும் 10 சதவீத வட்டியில் ஏழாண்டுக் கடனாக எடுப்பதாகவும் வைத்துக்கொள்வோம். இ.எம்.ஐ. மாதம் சுமார் 24,900 ரூபாய் வரும். ஏழாண்டில் கட்டுவது ஏறக்குறைய 20.9 லட்சம், வட்டி மட்டும் ஆறு லட்சத்தை ஒட்டி. இந்தப் பணம் திரும்பி வர, வரி போகக் கையில் வரும் சம்பளம் ஆண்டுக்கு மூன்று லட்சம் கூட வேண்டும், அதுவும் ஏழு ஆண்டும் அந்த உயர்வு நிலைத்திருக்க வேண்டும். இதில் படிக்காமலேயே வந்திருக்கக்கூடிய வழக்கமான இன்கிரிமென்ட்டைச் சேர்க்கக் கூடாது. பெரும்பாலோர் சேர்த்துத்தான் கணக்குப் போடுகிறார்கள், அதனால்தான் எல்லோருக்கும் லாபமாகத் தெரிகிறது.

ஓராண்டு முழுநேரம் என்றால் இழக்கும் சம்பளத்தையும் சேருங்கள். ஆண்டுக்கு 20 லட்சம் வாங்குகிறவர் 30 லட்சம் கட்டணத்தில் சேர்ந்தால், வரியைக் கழித்த பிறகும் உண்மைச் செலவு 45 லட்சத்துக்கு மேல் போய்விடும். வீட்டுக் கடன் ஏற்கெனவே ஓடுகிறது என்றால் இதைத் தொடும் முன் இரண்டு முறை யோசியுங்கள்.

கல்விக் கடன் வட்டிக்கு வரிச் சலுகை உண்டு. 80இ என்று எல்லோரும் பழகிய அந்தச் சலுகையில் வட்டி முழுவதையும், உச்சவரம்பு இல்லாமல், எட்டு ஆண்டு வரை வருமானத்தில் கழிக்கலாம். அசலுக்குக் கிடையாது. பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் இது. புதிய வரி முறைக்குப் போய்விட்டவர்களுக்கு ஒன்றும் இல்லை. வங்கி அல்லது அங்கீகரிக்கப்பட்ட நிதி நிறுவனத்தில் வாங்கிய கடனாக இருக்க வேண்டும். கம்பெனியிடமோ மச்சானிடமோ வாங்கிய கடனுக்குச் செல்லாது. முழுநேரப் படிப்புக்குத் தரும் சலுகைக் கடனை வார இறுதிப் படிப்புக்கும் தருவார்களா என்பது வங்கிக்கு வங்கி மாறும். விண்ணப்பிக்கும் முன்பே கிளையில் கேட்டுவிடுங்கள்.

6. அலுவலகத்தில் எப்போது, எப்படிச் சொல்வது

சில கல்லூரிகள் முதலாளியின் ஒப்புதல் கடிதம் கேட்கும். அரசுப் பணியாளர்கள், பொதுத்துறையினர் என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்காமல் சேரவே கூடாது. வாங்காமல் முடித்த பட்டத்தைப் பணிப்பதிவேட்டில் ஏற்ற மறுத்தால் பிறகு அலைய வேண்டியது நீங்கள்தான். தனியார் துறையில் இடம் கிடைக்கும் வரை காத்திருந்து சொல்கிறவர்கள் உண்டு. பரிந்துரைக் கடிதத்துக்குப் பாஸ் தேவைப்பட்டால் அதுவும் முடியாது.

பாஸிடம் "எனக்கு வளர்ச்சி வேணும் சார்" என்று ஆரம்பிக்காதீர்கள். எந்தச் சனிக்கிழமைகளில் இருக்க மாட்டீர்கள், அப்போது யார் பார்த்துக்கொள்வார்கள், முதல் ஆண்டு புராஜெக்ட்டை உங்கள் டிபார்ட்மென்ட்டின் எந்தச் சிக்கலை எடுத்துச் செய்யப் போகிறீர்கள் என்று ஒரு பக்கம் எழுதி எடுத்துப் போங்கள். அவர் மேலே போய்ப் பேச அந்தக் காகிதம் உதவும்.

கம்பெனி பணம் கட்டுகிறது என்றால் பாண்டு, அதாவது இத்தனை ஆண்டு விலக மாட்டேன் என்ற ஒப்பந்தம், வரும். அதில் பார்க்க வேண்டியவை: எத்தனை ஆண்டு, அது படிப்பு தொடங்கிய நாளிலிருந்தா முடிந்த நாளிலிருந்தா, நடுவில் விலகினால் முழுத் தொகையா அல்லது மீதமுள்ள காலத்துக்கு ஏற்பக் குறையுமா, கம்பெனியே ஆட்குறைப்பு செய்தால் என்ன ஆகும். பாண்டெல்லாம் கோர்ட்டில் நிற்காது என்று நண்பர்கள் சொல்வதை நம்பிக் கையெழுத்துப் போட வேண்டாம். விஜயா வங்கி வழக்கில், மூன்றாண்டுக்குள் விலகினால் இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பாண்டு காலமும், முதல் படியில் குறித்த நாற்காலி காலியாகும் காலமும் ஒத்துப்போனால் ஸ்பான்சர்ஷிப் போல நல்லது வேறில்லை. ஒத்துப்போகாவிட்டால் சொந்தக் காசில் படிப்பதே நிம்மதி.

7. நுழைவுத் தேர்வு

ஓராண்டு முழுநேரப் படிப்புகளுக்குப் பெரும்பாலும் ஜிமேட் அல்லது ஜிஆர்இ என்ற சர்வதேசத் தேர்வின் மதிப்பெண் கேட்பார்கள். வார இறுதிப் படிப்புகளில் பல, சொந்தத் தேர்வு ஒன்று வைக்கும் அல்லது இவற்றில் எதையாவது ஏற்கும்.

ஜிமேட் 2023 கடைசியில் மாறிவிட்டது. பழைய புத்தகத்தை அண்ணனிடம் வாங்கிப் படிக்காதீர்கள். இப்போது 2 மணி 15 நிமிடம், 64 கேள்விகள், கணிதம், மொழித்திறன், தரவு ஆய்வு என்று 45 நிமிடப் பிரிவுகள் மூன்று. மதிப்பெண் 205 முதல் 805 வரை. வடிவியல் இல்லை. கட்டுரை இல்லை. ஆங்கில வாக்கியத்தில் இலக்கணப் பிழை கண்டுபிடிக்கும் பகுதியும் போய்விட்டது; தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் பயந்தது அதற்குத்தான். பழைய 700-ஐ மனதில் வைத்து மதிப்பெண்ணை அளக்காதீர்கள், புதிய முறையில் அதற்கு இணையானது 645-ஐ ஒட்டி வரும். மதிப்பெண் ஐந்தாண்டு செல்லும் என்பதால், சேர்வது அடுத்த ஆண்டுதான் என்றாலும் வேலை குறைவாக இருக்கும் காலத்தில் எழுதி வைத்துவிடலாம்.

எக்ஸிக்யூட்டிவ் அசெஸ்மென்ட் என்று இன்னொன்று உண்டு. ஜிமேட் நடத்தும் அமைப்பே 2016-இல் கொண்டுவந்தது: 90 நிமிடம், 40 கேள்விகள். இதை எல்லாக் கல்லூரிகளும் ஏற்பதில்லை, உங்கள் பட்டியலில் இருப்பவை ஏற்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

தயாரிப்புக்கு மூன்று நான்கு மாதம், தினம் காலை ஒன்றரை மணி நேரம். இரவில் அலுவலகம் முடிந்து படிப்பது மேனேஜர்களுக்குப் பெரும்பாலும் ஏட்டோடு நின்றுவிடுகிறது. சதவீதம், விகிதம், வேகம்-நேரம் போன்ற பள்ளிக் கணக்கில்தான் பலர் தடுமாறுகிறார்கள். எக்ஸெல்லில் பழகிய கைக்குப் பென்சில் பிடிப்பதே மறந்திருக்கும்.

8. விண்ணப்பமும் நேர்காணலும்

கட்டுரையில் "நான் தலைமைப்பண்பு மிக்கவன்" என்று எழுதியவர்கள் ஆயிரம் பேர். "என் லைனில் ரிஜெக்‌ஷன் நூற்றுக்கு நான்காக இருந்தது, காரணம் இயந்திரத்தில் இல்லை, ஷிஃப்ட் மாறும் அரைமணி நேரத்தில் என்று கண்டுபிடித்தோம், கைமாற்றும் முறையை மாற்றியதும் இரண்டுக்குக் கீழே வந்தது" என்று எழுதினால் படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார். முதலில் தமிழில் சொல்லிப் பார்த்து எழுதுங்கள், பிறகு ஆங்கிலத்துக்குக் கொண்டுபோங்கள். ஏஐ கருவியில் போட்டு எடுத்த கட்டுரை எல்லோருடையதையும் போலவே இருக்கும். அதோடு நேர்காணலில் அந்தச் சொற்களுக்கு நீங்கள்தான் பொறுப்பு.

பரிந்துரைக்கு எம்.டி.யைப் பிடிக்க அலைய வேண்டாம். உங்கள் வேலையைத் தினமும் பார்க்கும் நேரடி மேலாளர், நடந்த ஒரு சம்பவத்தை வைத்து எழுதிய கடிதத்துக்குத்தான் எடை.

நேர்காணலில் கேட்பது உங்கள் வேலையைப் பற்றித்தான். உங்கள் கம்பெனிக்கு லாபம் எங்கிருந்து வருகிறது? பெரிய வாடிக்கையாளர் போய்விட்டால் என்ன ஆகும்? போட்டியாளர் உங்களைவிட மலிவாக எப்படித் தருகிறார்? இவற்றுக்குப் பதில் தெரியாமல் பத்தாண்டு வேலை பார்த்தவர்கள் நிறைய. பட்டியலிட்ட கம்பெனியாக இருந்தால் கடைசி ஆண்டறிக்கையைப் படித்துவிட்டுப் போங்கள். "ஏன் இப்போது?" என்ற கேள்வி நிச்சயம் வரும். முதல் படியை ஒழுங்காகச் செய்தவர்களுக்கு அதில் சிரமம் இருக்காது. ஆங்கிலம் சரளமாக வரவில்லை என்றால் சின்ன வாக்கியமாக, நிதானமாகப் பேசுங்கள். குழு பார்ப்பது உச்சரிப்பை இல்லை.

9. சேர்ந்த பிறகு

முதல் டேர்மில் கணக்கியலும் புள்ளியியலும்தான் ஆளைச் சாய்க்கும். பொறியியல் படித்தவர்களுக்குக்கூட டெபிட், கிரெடிட் புரிய நாளாகும். வகுப்பு தொடங்கும் முன் ஒரு மாதம் ப்ளஸ் ஒன் கணக்குப்பதிவியல் புத்தகத்தைப் புரட்டுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை.

குரூப் அமைக்க உங்களுக்கு விட்டால், ஐ.டி.க்காரர்கள் ஐ.டி.க்காரர்களோடு ஒட்டிக்கொள்வார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். ஒரு பட்டயக் கணக்கர், ஒரு தொழிற்சாலை ஆள், ஒரு விற்பனை ஆள் இருக்கும் குழுவில் சண்டை அதிகம் வரும், கற்பதும் அதிகம்.

படிப்பதை அடுத்த வாரமே வேலையில் போட்டுப் பாருங்கள். ஒர்க்கிங் கேப்பிடல் (நடைமுறை மூலதனம்) படித்த வாரத்தில் உங்கள் டிபார்ட்மென்ட் ஸ்டாக் எத்தனை நாள் முடங்கிக் கிடக்கிறது என்று கணக்கெடுத்துப் பாஸிடம் காட்டலாம். ப்ரமோஷன் பேச்சு வரும்போது இந்த மாதிரி நான்கைந்து விஷயங்கள்தான் ஞாபகத்தில் இருக்கும், கிரேடு ஷீட்டை யாரும் கேட்பதில்லை. இந்தப் பேச்சைப் படிப்பு முடியும் வரை தள்ளிப்போடவும் வேண்டாம். இரண்டாம் ஆண்டு தொடக்கத்தில் வரும் அப்ரைசலிலேயே, எந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ளத் தயார் என்று சொல்லி வையுங்கள்.

நடுவில் வேலை மாறினாலோ, வெளிநாட்டுக்கு அனுப்பினாலோ, உடம்பு முடியாமல் போனாலோ ஒரு டேர்மை நிறுத்தி வைக்கும் வசதி பல இடங்களில் உண்டு. மொத்தம் எத்தனை ஆண்டுக்குள் முடிக்க வேண்டும், நிறுத்தினால் கூடுதல் கட்டணம் எவ்வளவு, அடியோடு விலகினால் எவ்வளவு திரும்பும் என்பதையெல்லாம் சேரும் அன்றே விதிப்புத்தகத்தில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

முடித்ததும் தற்காலிகச் சான்று, மதிப்பெண் பட்டியல், பாடத்திட்ட நகல் மூன்றையும் வாங்கிவிடுங்கள். பட்டமளிப்பு விழா வரப் பல மாதம் ஆகலாம். எச்.ஆர். பதிவில் தகுதியை ஏற்றச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பிப் பதில் வாங்குங்கள். பாண்டு இருந்தால் அதன் முடிவுத் தேதியையும் அதே மின்னஞ்சலில் உறுதி செய்யச் சொல்லுங்கள்.